கழட்டுததுக்குக் காசு வாங்காத மாப்ளே

மாப்ளே, நீ சொன்ன தொழில் யோசனை எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. சிரிக்கேன்னு நெனைக்காத, வாயில வெத்தலை இருக்கு, அதான் ஒரு மாதிரி கோணுது. ஒலகத்துல இதுவரைக்கும் தொழில் நடத்துனவன் பூராம் வேலை பாக்கிறவனுக்குக் கூலி குடுத்துக் குடுத்தே ஓட்டாண்டி ஆனான். நீ ஒருத்தன்தான் வேலை பாக்கிறவன்ட்டயே மணிக்கு இவ்வளவுன்னு கூலி வாங்கப் போறேங்கே. அவன் பைக்க அவனே தள்ளிக்கிட்டு வரணும், அவனே கழட்டணும், அவனே தொடைக்கணும், அவனே பூட்டணும். போகையில மசக் கையோட உனக்கு ரூவாயும் எண்ணி வச்சுட்டுப் போகணும். எங்க அத்தான் தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கெழுதியே காலத்தத் தள்ளுனாரு. அவரு வயித்துல இப்படி ஒரு புத்தி பெறக்கும்னு கோவில்பட்டியில எவன் கண்டான்?

பெருங்குடியில பழைய குடோன் ஒன்னு பாத்து வச்சிருக்கே. ஆறு வண்டி நிறுத்த எடம், ஆறு சர்வீஸ் ஸ்டாண்டு, செவுத்துல வரிசையா ஸ்பேனரு, ஒரு ஏர் கம்ப்ரசரு, ஓரத்துல காப்பி மிசினு. லேப்டாப்புல நீ காட்டுன படத்துல காப்பி மிசினுக்கு மட்டும் ரெண்டு பக்கம் ஒதுக்கியிருந்தே. பழைய ஆயில எங்க ஊத்துததுன்னு ஒரு வரி இல்ல. சரி, வயசு அப்படி.

செர்மனிக்காரன் செய்யுதான், அமெரிக்காக்காரன் செய்யுதான்னு சொன்னே. செய்யுதான், இல்லைங்கலை. எதுக்குச் செய்யுதான்னு கேட்டியா? செர்மனியில வீட்டு முன்னாடி தெருவுல வண்டிய நிறுத்தி ஆயில் மாத்துனா அபராதம் கேப்பான். ரெண்டு வருசத்துக்கு ஒருக்க வண்டிய சோதனைக்குக் கொண்டுபோயிக் காட்டி சீல் வாங்கணும். பிரேக்கு, லைட்டு, டயரு எது சரியில்லன்னாலும் திருப்பி அனுப்பிருவான். அதுக்கு மேல, 1997-ல இருந்து அங்க சீசன் நம்பர் பிளேட்டுன்னு ஒன்னு குடுக்கான். இந்த மாசத்துல இருந்து இந்த மாசம் வரைக்கும்தான் வண்டி ரோட்டுல ஓடும்னு பிளேட்லயே எழுதியிருக்கும். வரியும் இன்சூரன்சும் அந்த மாசங்களுக்கு மட்டும்தான். மிச்ச மாசம் பனி கொட்டும், வண்டி மூலையில தூங்கும். தூங்குத வண்டிய நிறுத்தவும் எடம் வேணும், அது எந்திரிக்கதுக்கு முன்னாடி நாலு வேலை பாக்கவும் எடம் வேணும். அங்க வாடகைப் பட்டறைக்கு வானமே ஆள் பிடிச்சுக் குடுக்கு. சென்னையில உனக்கு எந்த வானம் ஆள் பிடிச்சுக் குடுக்கும்? மார்கழியில காதுல மப்ளர் சுத்துதாங்க, அம்புட்டுதான் நம்ம குளிர்காலம்.

அமெரிக்காவுல மெக்கானிக்கு தொட்டா மணிக்கு நூறு டாலருக்கு மேல கேப்பான். அதுல கால்வாசிக்கு எடமும் ஸ்பேனரும் கெடைச்சா எவனும் வருவான். அங்க இன்னொரு சங்கதியும் உண்டு. அந்த ஊரு ராணுவ முகாம்கள்ல சிப்பாய்மாரு அவங்க வண்டிய அவங்களே பாத்துக்கிட ஒரு பட்டறை வச்சிருப்பாங்க. ரொம்பக் காலமா நடக்கு, நல்லாவும் நடக்கு. எப்படி நடக்காம இருக்கும்? எடம் சர்க்காரோடது. வாடகை கட்ட ஆள் இருந்தா நானும் ஆகாசத்துல ஒரு பட்டறை வைப்பேன்.

நீ காட்டாம விட்ட பக்கத்த எம் பேத்தி படிச்சுச் சொன்னா. டெக்‌ஷாப்புன்னு ஒரு கம்பெனி, 2006-ல கலிபோர்னியாவுல ஆரம்பிச்சது. மாசச் சந்தா கட்டிட்டு உள்ள போனா லேத்து, வெல்டிங்கு, மர வேலை மிசினு எதுல வேணும்னாலும் நீயே வேலை பாத்துக்கிடலாம். ஊரு ஊரா கெளை தொறந்தான், பத்திரிகைக்காரன் பூராம் தலையில தூக்கி வச்சு ஆடுனான். 2017 நவம்பர்ல அமெரிக்காவுல இருந்த அத்தனை கடையையும் ஒரே நாள்ல பூட்டிட்டுத் திவால்னு கைய விரிச்சிட்டான். சந்தாவும் வந்துச்சு, கூட்டமும் வந்துச்சு, வாடகைக்கும் மிசினுக்கும் பத்தல. நீ அவனை விடக் கெட்டிக்காரன்தான், நான் மறுக்கல. ஆனா அவனுக்குக் கடன் குடுக்க நூறு பேரு இருந்தான், உனக்கு நான் ஒருத்தன்தான் இருக்கேன்.

கணக்குக்கு வருவோம். ஒரு பேச்சுக்குக் குடோன் வாடகை அறுவதாயிரம்னு வச்சுக்கிடு. மணிக்கு 150 ரூவான்னு போட்டிருக்கே. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் உன் வாடிக்கைக்காரன் பூராம் ஓஎம்ஆர்ல கண்ணாடிக் கட்டடத்துக்குள்ள அடைஞ்சு கெடப்பான். ராத்திரி எட்டு மணிக்கு வெளிய வாரவன் வீட்டுக்குப் போவானா, கார்புரேட்டரக் கழட்டுவானா? ஆகக்கூடி சனியும் ஞாயிறும். மாசத்துக்கு எட்டு நாள், நாளைக்கு எட்டு மணி நேரம், ஆறு எடமும் ஒரு நிமிசம் காலியில்லாம நெறைஞ்சு கெடக்குன்னே வச்சுக்கிடு. 384 மணி நேரம், 57,600 ரூவா. வாடகைக்கே 2,400 கையில இருந்து போடணும். கரண்டு பில்லு, கம்ப்ரசரு, பனியன் வேஸ்டு, கூட்டிப் பெருக்க ஒரு ஆளு, காப்பிக்குப் பாலு, இதெல்லாம் எங்க மச்சினன் குடுப்பான்னு நெனைச்சியோ?

மணிக்கு 300-ஆ ஏத்திருவேன்னு சொல்லுவே. ஏத்து. அங்கதான் தெருமுனையில ஒருத்தன் உக்காந்திருக்கான். புளிய மரத்தடியோ, டிரான்ஸ்பார்மர் பக்கமோ, தகரக் கொட்டாய் போட்டு ஒரு மெக்கானிக்கு. பொதுச் சர்வீசுக்குக் கூலின்னு நானூறோ ஐந்நூறோ கேப்பான். காலையில சாவியக் குடுத்துட்டு வேலைக்குப் போயிட்டு, சாயந்தரம் வந்து எடுத்துக்கிட வேண்டியது. உன் கடையில அதே வேலைய கத்துக்குட்டி ஒருத்தன் பாத்தா நாலு மணி நேரம் ஆகும், ஆயிரத்து இருநூறு ரூவா ஆகும், ஒரு வெரலு நகமும் போகும். மரத்தடிக்காரன் டீயும் வாங்கித் தருவான் மாப்ளே. நீ காப்பிக்குத் தனியா பில்லு போடுவே.

நானும் ஒரு காலத்துல வாடகை சைக்கிள் கடை வச்சிருந்தவன்தான், உங்க அம்மாட்டக் கேளு. மணிக்கு இருவத்தஞ்சு பைசா. பேரு, அப்பன் பேரு, எடுத்த நேரம், நோட்டுல எழுதிருவேன். எடுத்துட்டுப் போனவனுக்கு மூச்சு முட்டும், மணி தாண்டிருமோன்னு மிதிச்சு மிதிச்சு வந்து சேருவான். ஏன்னா சைக்கிளு என்னது, ஓடுத காலு அவனது. உன் கடையில தலைகீழு. எடம் உன்னது, உள்ள நிக்கிற வண்டி அவனது. இஞ்சினக் கழட்டிப் பரப்பிட்டு, 'அண்ணே, கேஸ்கெட்டு கெடைக்கல, அடுத்த வாரம் வாரேன்'னு போயிருவான். அந்த வண்டிய என்ன செய்வே? தள்ளி ஓரமா விடவும் முடியாது. சக்கரம் ஒரு பக்கம், டேங்க் ஒரு பக்கம், நட்டு போல்ட்டு பூராம் ஒரு டிபன் டப்பாவுல. ஆறு எடத்துல மூணு எடத்த இப்படி அடைச்சுப் போட்டான்னா, உன் 57,600 பாதியாகும். அவன்ட்ட ஒரு வாரத்து மணி வாடகை கேட்டுப் பாரு, வண்டியவே உனக்கு எழுதிக் குடுத்துட்டுப் போயிருவான். சைக்கிள் கடையில எனக்குச் சோறு போட்டது மணி வாடகைன்னா நெனைக்கே? பஞ்சரு, மாப்ளே, பஞ்சரு. வாடகை வண்டியும் பஞ்சராகும், சொந்த வண்டிக்காரனும் வருவான். ஒட்டுக்குத்தான் காசு.

உன் கடைக்கு யாரு யாரு வருவான்னு எனக்கு இப்பவே கண்ணுல தெரியுது. முதல்ல ஆர்எக்ஸ் 100 வச்சிருக்கிறவன் வருவான். அந்த வண்டி 1996-லயே நின்னு போச்சு, இவன் மனசுல மட்டும் நிக்கல. எது மாத்துனாலும் ஒரிஜினல்தான் வேணும்பான். புதுப்பேட்டையில சந்து சந்தா அலைவான், ஜிபி ரோட்டுல கடை கடையா ஏறி எறங்குவான், பழைய சைலன்சரு ஒன்னக் கண்டா பொண்ணு பாத்துட்டு வந்தவன் மாதிரி ஒரு வாரம் அதையே பேசுவான். அலையட்டும், நல்ல பையன்தான். ஆனா அவன் அலையுத நாளெல்லாம் வண்டி உன் எடத்துல படுத்துக் கெடக்கும்.

அடுத்து பழைய புல்லட்டுக்காரன். 1955-லயே மெட்ராசுக்கு வந்த வண்டி, திருவொற்றியூர்ல செஞ்ச வண்டின்னு அவனுக்குப் பெருமை. வலது காலுல கியரு, எடது காலுல பிரேக்கு இருந்த காலத்து வண்டியா இருந்தா அந்தப் பெருமைக்கு அளவே கிடையாது. அவன் ரிப்பேருக்கு வரமாட்டான். வண்டி நல்லாத்தான் இருக்கும். தொடைப்பான், நாலு பேரு பாக்கானான்னு திரும்பிப் பாப்பான், மறுபடியும் தொடைப்பான். இவன்தான் உனக்கு லாபம். ஸ்பேனரத் தொடமாட்டான், காப்பி மூணு குடிப்பான்.

மூணாவது ஆளுதான் ஆபத்து, யூடியூபு பாத்துட்டு வாரவன். போன டேங்க் மேல சாத்தி வச்சு, மசகு வெரலால நிறுத்தி நிறுத்திப் பாப்பான். வீடியோவுல இருக்கிறது வேற மாடல்னு கடைசியிலதான் தெரியும். ஆயில் டிரைன் போல்ட்டப் பூட்டையில இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்னு ஏறி மிதிச்சு முறுக்குவான். அலுமினியக் கேசுல மரை போயிரும். போனதும் உன் முகத்தைப் பாப்பான். உன் செவுத்துல டார்க் ரெஞ்சு தொங்கத்தான் செய்யும், அத அவன் துணி காயப் போட்ட கம்பின்னு நெனைச்சிருப்பான். இவன் கூட மூணு சிநேகிதன் வருவான். வேலைக்கு ஒருத்தன், வேடிக்கைக்கு மூணு பேரு. தண்ணி கேன் காலி.

ஸ்பேனரு கதையத் தனியாச் சொல்லணும். பத்தாம் நம்பரு ஸ்பேனர டஜன் கணக்குல வாங்கிப் போடு, ஆடி மாசம் வாங்குனா ஆவணியில ஒன்னும் இருக்காது. திருட்டுன்னு சொல்லமாட்டேன். பேண்டு பையில போட்டதை மறந்து போறவன், வண்டிக்குள்ளயே வச்சுப் பூட்டிட்டுப் போறவன், ரெண்டு வகை. மேக்னெட் புல்லரு மாதிரி சாமானை எவன் கையிலயும் குடுக்காத. அடையாள அட்டையோ லைசென்சோ வாங்கி வச்சுட்டு எண்ணிக் குடு, எண்ணி வாங்கு. சங்கடமா இருக்கும், 'என்னண்ணே நம்பிக்கை இல்லையா'ம்பான். இல்லன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லு.

இப்ப கேலி இல்லாம ஒன்னு சொல்லுதேன். பிரேக்கு வேலை பாத்துட்டு ஆயில் லைன்ல காத்து எடுக்காம ஒருத்தன் வண்டிய எடுத்துட்டுப் போனான்னா, அடுத்த சிக்னல்ல வண்டி நிக்காது. முன் சக்கர ஆக்சில் நட்ட இறுக்க மறந்தவனும் அப்படித்தான். 'எல்லாம் என் பொறுப்பு'ன்னு அவன்ட்ட நீ கையெழுத்து வாங்கி வச்சிருக்கலாம். அடிபட்டவன் வீட்டுக்காரன் காகிதத்தப் பாக்க மாட்டான், கடை எங்க இருக்குன்னுதான் பாப்பான். அதனால வெவரம் தெரிஞ்ச ஒருத்தன் பிரேக்கையும் சக்கரத்தையும் தொட்டுப் பாக்காம எந்த வண்டியும் உன் கேட்டத் தாண்டக் கூடாது. பழைய ஆயிலும் அப்படித்தான். சென்ட்ரிங் பலகைக்குத் தடவ வேணும்னு கேனு எடுத்துக்கிட்டு ஆளு வருவான், குடுத்துராத. 2016-ல போட்ட அபாயக் கழிவு விதிப்படி அனுமதி வாங்குன மறுசுத்திகரிப்புக்காரனுக்குத்தான் குடுக்கணும். மரத்தடிக்காரன அதிகாரி கண்டுக்கிட மாட்டாரு. போர்டு வச்சு காப்பி விக்கிற உன்னைத் தேடி வருவாரு.

இன்னொன்னு. 2020 ஏப்ரல்ல இருந்து வார வண்டி பூராம் பிஎஸ் 6. கார்புரேட்டரு போயி இன்ஜெக்‌ஷன் வந்துருச்சு. அதுக்கு முன்ன வருசமே 125 சிசிக்கு மேல இருக்கிற வண்டிக்கு ஏபிஎஸ் கட்டாயம்னு ஆயிருச்சு. திருப்புளியால ஒரு சுத்து சுத்தி டியூனிங் வச்ச காலம் போச்சு, இப்ப ஸ்கேனரு மாட்டித்தான் வண்டிக்கு என்ன காய்ச்சல்னு கேக்கணும். புது வண்டிக்காரன் வாரண்டி முடியுத வரைக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டர விட்டு நகர மாட்டான். ஓசூர்ல ஏத்தரு, போச்சம்பள்ளியில ஓலான்னு பேட்டரி வண்டி வேற வந்துக்கிட்டே இருக்கு. அதுல பிளக்கு பாக்க பிளக்கு இல்ல, இஞ்சின் ஆயில் மாத்த இஞ்சினே இல்ல. உன் வாடிக்கைக்காரன் வயசாகிக்கிட்டுப் போறான் மாப்ளே, அவன் வண்டியும்.

அப்போ இந்தத் தொழிலே ஆகாதான்னு மூஞ்சியத் தொங்கப் போடாத. ஆகும். நீ நெனைக்கிற எடத்துல காசு இல்ல, வேற எடத்துல இருக்கு. அடுக்குமாடி வீட்டுல இருக்கிறவன் கஷ்டம் நெசம். பார்க்கிங்ல ஒரு சொட்டு ஆயில் சிந்துனா அசோசியேசன் செயலாளரு குரூப்புல படம் எடுத்துப் போட்டுருவாரு. நாள் பூரா கம்ப்யூட்டரு பலகையத் தட்டுதவனுக்கு ஏதாச்சும் ஒரு கெட்டியான சாமானைக் கையில பிடிச்சுத் திருகணும்னு ஆசை வருது, அதுவும் நெசம். எங்க ஊர்ல டிவிஎஸ் 50 வச்சிருக்கிற சம்சாரி வேப்ப மரத்தடியில அவனே இஞ்சினக் கழட்டி மாட்டிக்கிட்டு நாத்துக்கட்டு ஏத்திட்டுப் போறான். அவனுக்கு ஆசை கிடையாது, அவசரம். உன் ஆளுக்கு அவசரம் கிடையாது, ஆசை. ஆசைக்குத்தான் கூடுதலாக் காசு கேக்கலாம்.

ஆகையினால கழட்டுததுக்கு ஒத்தப் பைசா வாங்காத. 'எடம் இலவசம், ஸ்பேனரு இலவசம், வாங்க தம்பி'ன்னு போர்டு வையி. கழட்டுததுக்கு எந்த மடையனுக்கும் தெரியும். பூட்டத்தான் ஆளு வேணும். சாயந்தரம் அஞ்சு மணிக்கு மேல, கழட்டுனது பூட்டுனதுல நாலு நட்டு மிஞ்சிப் போயி ஒருத்தன் வேர்த்து விறுவிறுத்து நிப்பான் பாரு, அப்ப உன் மெக்கானிக்கு மெதுவா எந்திரிச்சு, லுங்கிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, 'தள்ளுங்க தம்பி, நான் பாக்கேன்'னு போகணும். அந்த ஒத்த வார்த்தைக்கு அவன் ஐந்நூறும் தருவான், ஆயிரமும் தருவான், கும்பிடும் போடுவான். போன மரைக்கு மரை போட, ஒடைஞ்ச போல்ட்ட எடுக்க, தொலைச்ச வாஷருக்கு வாஷரு விக்க, எல்லாம் வரவு. வண்டி வச்சுட்டுப் போறவனுக்கு நாள் வாடகை, அது ராத்திரியும் ஓடும். ஞாயித்துக்கிழமை காலையில ஈசிஆர்ல மாமல்லபுரம் வரைக்கும் போயி இட்லி தின்னுட்டு வார கூட்டம் இருக்கு பாரு, அதுக்கு மாசச் சந்தா. லடாக்கு போறேன்னு கெளம்புதவனுக்கு, வழியில பஞ்சர் ஒட்ட, செயினு இழுக்க, கிளட்ச் கேபிள் மாத்த ஒரு நாள் வகுப்பு. பொம்பளப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு போடு. மெக்கானிக்கு ஏமாத்துதானான்னு கண்டுபிடிக்கணும்னு அதுகளுக்குத்தான் ஆத்திரம் கூட.

மிக்ஜாம் புயல் அடிச்ச 2023 டிசம்பர் மாதிரி ஒன்னு வந்தா மட்டும் உன் ஆறு எடமும் பத்தாது. 2015-லயும் அப்படித்தான். முங்குன வண்டிய ஸ்டார்ட் பண்ணாம, தண்ணி கலந்து மோராப் போன ஆயில வடிச்சு, பிளக்கக் கழட்டிக் காய வைக்க மெட்ராசே வரிசையில நிக்கும். ஆனா வெள்ளத்த நம்பி எவனும் வாடகை ஒப்பந்தம் போட மாட்டான். குடோனும் முங்கும்.

அந்த மெக்கானிக்க எங்க பிடிப்பேன்னு கேக்காத. சம்பளத்துக்கு வச்சா ஆறு மாசத்துல எதுத்தாப்புலயே கடை போட்டுருவான். நீ குடோன் எடுக்காத. ஏற்கெனவே ரோட்டோரத்துல கொஞ்சம் பெரிய கடையா வச்சிருக்கிற மெக்கானிக்கு ஒருத்தனப் பாரு. அவன் கடைக்குப் பின்னால ரெண்டு வண்டிக்கு எடத்த வாங்கு, தளம் போடு, லைட்டு போடு, நல்ல ஸ்பேனரு செட்டு ரெண்டு வாங்கிப் போடு. வரவுல அவனுக்குப் பங்கு, அதுவும் பெரிய பங்கு. காப்பி மிசினு வேணும்னா வச்சுக்கிடு, ஓம் மனசு நோகக் கூடாது. ஆறு எடத்துக்கு லோன் போட்டு அண்ணாந்து பாக்கதுக்குப் பதிலா ரெண்டு எடம் நெறையுதான்னு முதல்ல பாரு.

முதலுக்குப் பணம்னு என்ட்ட வந்திருக்கே, அதையும் பேசிருவோம். சனிக்கிழமை காலையில பெருங்குடியில கூட்டம் சேருத ஒரு மெக்கானிக் கடையாப் பாத்து, ஒரு ஸ்டூலக் கேட்டு வாங்கிப் போட்டு உக்காரு. லேப்டாப்பு வேண்டாம், ஒரு நோட்டு எடுத்துக்கிடு. வாரவன்ல எத்தனை பேரு சாவியக் குடுத்துட்டுத் திரும்பிப் பாக்காமப் போறான், எத்தனை பேரு பக்கத்துலயே குந்தி உக்காந்து பாக்கான், எத்தனை பேரு 'அண்ணே, அந்த ஸ்பேனரக் குடுங்க, நானே மாட்டுதேன்'னு கையை நீட்டுதான், மூணையும் தனித்தனியா எழுது. கையை நீட்டுனவன் அஞ்சாறு பேரு தேறுனா நோட்ட எடுத்துக்கிட்டு வா, பீரோ சாவி எங்கிட்டத்தான் இருக்கு. ஒருத்தனும் தேறலன்னா அந்த மெக்கானிக்குட்ட டீ வாங்கிக் குடிச்சிட்டு, காசையும் அவனயே குடுக்கச் சொல்லிட்டு, பஸ் ஏறிரு.